துண்டுச் சீட்டு இல்லாத பிரதி

அத்தியாயம் 6

"கடல்பாசியைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதணும்னா, அந்த மனுஷனுக்கு வீட்டுல என்ன பிரச்சினை இருந்திருக்கும் பாஸ்?"

ரோனா கிளெக் கேட்டாள். துப்பறியும் ஹால்டேன் பதில் சொல்லவில்லை. ஒரு வாரமாகவே அவர் அப்படித்தான். பதில் வராவிட்டாலும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்று ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

'பெட்டிகிரூ அண்ட் டாட்டர்' பதிப்பகத்தின் வரவேற்பறை. வெளியே நவம்பர் மழை. உள்ளே சுவர் முழுக்கப் புத்தகம். கலங்கரை விளக்கங்களின் வரலாறு மூன்று பாகம். சாந்து பூசாமல் கல்சுவர் கட்டுவது எப்படி. ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டும் முறைகள். தீவுகளுக்குப் போன படகுகள், நின்றுபோன படகுகள். அடுப்பில் எரிக்கிற கரி மண்ணை வெட்டி எடுக்கும் மண்வெட்டிகளுக்கு மட்டுமே தனியாக ஒரு புத்தகம், அதுவும் கெட்டி அட்டையில். நாற்பது வருடத்தில் ஒரு கதைப் புத்தகம்கூடப் போடாத பதிப்பகம் அது. போட்டதெல்லாம் நிஜம். அந்த நிஜத்தில் ஒரே ஒரு வரி பொய்யாகிப் போனதால்தான் இவர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். போன திங்கள்கிழமை உனா கின்னியர் என்ற அம்மாள் ஹால்டேனின் அலுவலகத்துக்கு வந்தாள். வயது அறுபத்தொன்று. பிர்னம் கிராமத்தில் தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து முப்பத்தொரு வருடமாக இந்தப் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவள். அவள் கணவர் லாக்லன், ஓய்வுபெற்ற தபால்காரர். செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலையில், பென் கார்வி மலைப் பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பினார். போகும்போது பெட்டிகிரூ போட்ட மலைநடைக் கையேட்டைக் கேட்டார். உனாதான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சீஸ் சாண்ட்விச்சும் கட்டிக் கொடுத்தாள். அந்தக் கையேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், 'இங்கே மரப்பாலத்தின் வழியாக ஆற்றைக் கடக்கவும்' என்று சொல்கிறது. அந்தப் பாலத்தை முந்தைய குளிர்கால வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லாக்லனின் பை, பாலம் இருந்த இடத்தில் மிச்சமிருந்த ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவர் உடல் இரண்டு மைல் கீழே கிடைத்தது. புத்தகத்தை நம்பிப் போனார், பாலத்தைக் காணோம், தண்ணீரில் இறங்கிவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அந்தக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தவள் உனா. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பாலம், கதவு, வேலியைத் தாண்டும் படி என்று எது வந்தாலும் ஓரத்தில் 'இன்னும் இருக்கிறதா?' என்று பென்சிலால் ஒரு கேள்வி போடுவாள். எழுதியவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் புத்தகத்தில் மட்டும் நாற்பத்தொரு கேள்வி போட்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போடவில்லை. அந்தப் பாலம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான மறுவாரம் லாக்லனோடு அதில் நடந்திருக்கிறாள்.

அதோடு முடிந்திருந்தால் அவள் துப்பறிகிறவரிடம் வந்திருக்க மாட்டாள். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு புத்தகக் கடையில் அதே கையேட்டைக் கையில் எடுத்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. 'திருத்தம்: பக்கம் 112. மரப்பாலம் இப்போது இல்லை. ஆற்றில் இறங்க வேண்டாம்.' அடுத்த பிரதியை எடுத்துப் பார்த்தாள், அதிலும் சீட்டு. கடையில் இருந்த ஆறு பிரதியிலும் இருந்தது. மெய்ப்புப் பார்த்ததற்காக அவளுக்கு முன்கூட்டியே வந்த மரியாதைப் பிரதியில், அதாவது லாக்லன் பையில் இருந்த பிரதியில், மட்டும் இல்லை.

"எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க, எனக்கு மட்டும் சொல்லலை" என்றாள் உனா, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "சொல்ல வேண்டாம்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்ல, எல்லாம் என் தப்புதான்னா அதையும் சொல்லிடுங்க. கையில இருக்கறது கடல்பாசிப் புத்தகம். அது முடிஞ்சதும் அடுத்ததை வாங்கிக்கலாமா, பென்சிலைக் கீழே வெச்சிடலாமான்னு எனக்குத் தெரியணும்."

அழவில்லை, கோபப்படவும் இல்லை. ரோனா கொடுத்த டீயை ஆறிப்போன பிறகு குடித்தாள். ஆறிவிட்டது என்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அன்றிலிருந்து ரோனாவுக்கும் கொஞ்சம் அந்த மரப்பு ஒட்டிக்கொண்டது. ஜோக் வாயில் வந்தது, மனதில் சிரிப்பு வரவில்லை.

ஹெஸ்டர் பெட்டிகிரூ வந்தாள். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் மகள் அவள்தான், இப்போது எழுபது வயது. கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஒட்டு. அவர்களைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. ஹால்டேன் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"அந்தச் சீட்டு உனா கின்னியருக்கு ஏன் போகலை?"

ஹெஸ்டரின் முகம் வெளுத்தது. தனக்கும் இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை என்றாள். ஏப்ரலில் முதல் எட்டுப் பிரதி அச்சகத்திலிருந்து வந்ததும், எழுதியவர், படம் எடுத்தவர், வரைபடக்காரர், உனா என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்களாம். மே மாதம் ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை வந்தது, பாலம் போய்விட்டது என்று. அப்போது புத்தகம் இன்னும் கடைக்குப் போகவில்லை. அவசரமாகச் சீட்டு அடித்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மூவாயிரம் பிரதியிலும் செருகினார்கள். முன்கூட்டியே போன எட்டுப் பேரில் ஏழு பேருக்குச் சீட்டு தபாலில் போனது.

"எட்டாவது ஆள்?" என்றாள் ரோனா.

ஹெஸ்டர் எழுந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். செருப்புப் பெட்டி. அதற்குள் முழுக்கத் தபால் அட்டை.

இது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு கையேட்டின் முதல் பக்கத்திலும், 'பிழை இருந்தால் எழுதவும்' என்று ஒரு வரி போடுவார்கள். வேறு எங்கேயாவது இருந்தால் யாரும் அதைச் சட்டை பண்ண மாட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரன் பண்ணுவான். மழையில் நனைந்துகொண்டு எட்டு மைல் நடந்துவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஐயா தாங்கள் எழுபத்தாறாம் பக்கத்தில் சொன்ன கதவு இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்று எழுதுவான். அதில் அவனுக்கு ஒரு பரம திருப்தி. ரோனா இரண்டு மூன்றை எடுத்துப் படித்தாள். ஒருத்தன் ஒரு ஆட்டுப்பட்டிக்காக நான்கு அட்டை எழுதியிருந்தான்.

"இவனுங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆச்சா பாஸ்?"

ஹெஸ்டர் தேடி எடுத்த அட்டையை மேஜைமேல் வைத்தாள். யாருடைய கை என்று தெரியாதபடி எல்லாம் பெரிய எழுத்து. பதிப்பகத்தின் விலாசத்தில் ஊர்ப் பெயர் தனி வரி, அஞ்சல் குறியீடு அதற்குக் கீழே தனி வரி, ஒரு காற்புள்ளிகூட இல்லை. இத்தனை சுத்தமாக விலாசம் எழுதுகிறவன் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்றாள் ரோனா. கையெழுத்துக்குப் பதில் 'ஒரு வாசகர்' என்று மட்டும் இருந்தது. பதில் எழுதுவதானால் பிர்னம் தபால் நிலையத்தில் வைத்திருக்கச் சொல்லவும், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி. நடுவில், புத்தகத்தில் இருந்தபடியே அந்த வாக்கியம். அதில் 'மரப்பாலத்தின் வழியாக' என்பதன்மேல் ஒரு கோடு, ஓரத்தில் வால் சுழித்த ஒரு குறி. கடைசியில் இது:

'மெய்ப்புப் பார்த்தவரிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அவர் மனசு கெட்டுவிடும்.'

"அதனாலதான் அனுப்பலை" என்றாள் ஹெஸ்டர். "நியாயமாத்தான் பட்டுது. உனா எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். ஒரு எழுத்து தப்பாப் போனா ஒரு வாரம் சாப்பிட மாட்டா. ரெண்டாவது பதிப்புல திருத்திட்டா அவளுக்குத் தெரியவே வேண்டாம்னு நெனச்சேன். அவ வீட்டுக்காரர் அந்தப் பிரதியை எடுத்துக்கிட்டு மலைக்குப் போவார்னு நான் கனவுலயும் நெனைக்கலை, கண்ணு."

ஹால்டேன் அட்டையைக் கையில் எடுத்து, அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்டார். மெய்ப்பில் ஒரு வார்த்தையை எடுத்துவிடு என்று சொல்ல ஓரத்தில் போடுகிற குறி, அச்சுத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும்தான் போடுவார்கள் என்றாள் ஹெஸ்டர். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. சாதாரண வாசகன் சும்மா அடித்துவிட்டுப் போவான்.

"வால் கீழே தொங்குதே" என்றார் ஹால்டேன்.

"ஆமா, மேல போகணும். அவசரத்துல கிறுக்கியிருப்பாங்க."

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஹெஸ்டர் இரண்டாவது அட்டையை எடுத்தாள். இரண்டாம் பதிப்புக்கு மாற்றுவழி வேண்டும் என்று பிர்னம் தபால் நிலையத்துக்கு அவள் எழுதியிருக்கிறாள். அதற்கு வந்த பதில் அது. ஆற்றோடு ஒரு மைல் மேலே போனால் தண்ணீருக்கு மேல் தலைகாட்டும் பழைய காலத்து மிதிகற்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் கால் வைத்துக் கடக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் நடந்து பார்க்காமல் எழுதக்கூடாது, செவ்வாய்க்கிழமை போய்க் கல்லை எண்ணிவிட்டு எழுதுகிறேன், அதுவரை அச்சடிக்க வேண்டாம் என்று இருந்தது.

"அதோட சரி" என்றாள் ஹெஸ்டர். "மூணாவது அட்டை வரவே இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காலியா வெச்சுக்கிட்டு ரெண்டு மாசமாக் காத்திருக்கேன்."

"கல்லை எண்ணப் போனவன் பாதியில விட்டுட்டான் போல. ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கம் வந்துடுச்சு" என்றாள் ரோனா.

ஹெஸ்டர்கூடக் கொஞ்சம் சிரித்தாள். ஹால்டேன் சிரிக்கவில்லை. இரண்டு அட்டையையும் கேட்டு வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிர்னத்துக்குக் காரில் அரை மணி நேரம். ஹால்டேன் ஓட்டினார். வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது, அது அவர் பக்கம். ரோனாவுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

"தொழில் தெரிஞ்ச ஆள்" என்றார் அவர், நிதானமாக. "இருக்கறது பிர்னத்துல. கடைக்கு வராத புத்தகம் கையில இருந்திருக்கு. பேரைச் சொல்ல விரும்பலை. மெய்ப்புப் பார்த்தவங்க மனசு கெட்டுடும்னு தெரிஞ்சிருக்கு. சொல்லு."

ரோனா அவர் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாவே எழுதினாங்கன்னு சொல்றீங்களா?"

அவர் அப்படித்தான் சொன்னார். உனாவுக்கு மே மாதமே பாலம் போன விஷயம் யார் மூலமோ தெரிந்திருக்கும். தான் கேள்வி போடாமல் விட்ட வரி. தன் பெயரில் சொல்ல வெட்கம். மொட்டை அட்டை போட்டால் சீட்டு அடிப்பார்கள், யாரும் தன்னைக் கேட்கமாட்டார்கள். தப்பைத் திருத்தியும் ஆயிற்று, மானமும் மிஞ்சிற்று. அதற்கப்புறம் செப்டம்பரில் கணவர் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்கிறார்.

"அவங்களே எடுத்துக் குடுத்தேன்னு சொன்னாங்களே பாஸ்."

"ஆமா."

"பாலம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேவா?"

"மறந்திருக்கலாம். சொல்ல வாய் வராம இருந்திருக்கலாம். அதுக்கு மேல நான் யோசிக்க விரும்பலை."

லாக்லனே எழுதியிருக்கக்கூடாதா என்று ரோனா கேட்டாள். தபால்காரர், பிர்னம்காரர், விலாசம் எழுதின சுத்தமும் பொருந்துகிறது. ஹால்டேனுக்கு அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் அந்தக் குறி இடித்தது. கணவருக்கு உங்கள் வேலை தெரியுமா என்று முதல் நாளே உனாவிடம் கேட்டிருந்தார். என் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, எதிரில் உட்கார்ந்து, மீன் பூச்சி என்று ஏமாறத் தூண்டில் முள்ளில் இறகு கட்டுவார், அவ்வளவுதான் என்று அவள் சொல்லியிருந்தாள். தவிர, பாலம் இல்லை என்று எழுதியவரே பாலத்தைத் தேடிப் போய் மூழ்குவாரா என்றார். மீதி வழி முழுக்க அவள் ஒன்றும் பேசவில்லை. ஹால்டேன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

உனா கதவைத் திறந்தாள். அலுவலகத்துக்கு வந்த அன்று போட்டிருந்த அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வாங்க என்றாள், என்ன விஷயம் என்று கேட்காமல் சமையலறைக்கு நடந்தாள். மேஜையில் கடல்பாசிப் புத்தகத்தின் தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. முடிந்தது இடப்பக்கம், முடியாதது வலப்பக்கம். முடியாததில் இருபது தாள் இருந்தால் அதிகம். மேஜையின் எதிர் விளிம்பில் ஒரு சின்ன இரும்புப் பிடிப்பான் திருகியிருந்தது. அதன் வாயில் ஒரு தூண்டில் முள், பாதி கட்டின பழுப்பு இறகோடு. தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள். எடுத்தது நான்கு. ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்தாள்.

மூன்று நாற்காலிதான் இருந்தது. ஒன்றில் அவள், ஒன்றில் ஹால்டேன். மிச்சமிருந்தது பிடிப்பானுக்கு முன்னால் இருந்த நாற்காலி. ரோனா நின்றுகொண்டே இருந்தாள்.

"உட்காரும்மா. நாற்காலிதானே" என்றாள் உனா.

ரோனா உட்கார்ந்தாள். இருக்கையில் ஒருத்தருடைய உடம்புக்குப் பழகின பள்ளம் இருந்தது. எழுந்துவிடலாம் போல இருந்தது, எழவில்லை.

ஹால்டேன் சுற்றி வளைக்கவில்லை. சீட்டு ஏன் வரவில்லை என்பதைச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று கேட்டது பதிப்பகம் இல்லை, ஒரு வாசகர் என்றார். முதல் அட்டையை மேஜைமேல் அவளைப் பார்த்து வைத்தார். உனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பக்கத்திலேயே பென்சில் இருந்ததால் பழக்கத்தில் அதையும் எடுத்துக்கொண்டாள்.

"இதை எழுதினது நீங்களா மிஸஸ் கின்னியர்?"

"நானா?" அவள் நிமிர்ந்தாள். அவமானமோ அதிர்ச்சியோ இல்லை. கேள்வியைப் பரிசீலித்தாள், அவ்வளவுதான். "இல்லையே. நான் எழுதியிருந்தா இந்தக் குறி இப்படியா இருக்கும்? இது தலைகீழா இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட யாரும் இப்படிப் போட மாட்டாங்க."

ஹால்டேன் கட்டி வைத்திருந்த கணக்கு அங்கேயே சரிந்தது. உனா அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல், விட்ட இடத்திலிருந்து கடல்பாசியைத் தொடர்ந்தாள். விருந்தாளிகள் எதிரில் இருக்கும்போது வேலை பார்ப்பது மரியாதை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு இப்போது எட்டவில்லை. ஒரு வார்த்தை இரண்டு தடவை அச்சாகியிருந்தது. ஒன்றை அடித்தாள். ஓரத்தில் வால் சுழித்து ஒரு குறி போட்டாள்.

ரோனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, வால் கீழே தொங்கியது.

முதலில் அவளுக்கு அது ஒன்றுமாகவே படவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி அட்டையை எடுத்தாள். தாளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"மிஸஸ் கின்னியர், இன்னொரு தடவை அந்தக் குறியைப் போடுங்க."

உனா போட்டாள். கேட்டால் போடுவாள், ஏன் என்று கேட்கமாட்டாள். ரோனா அந்தத் தாளைத் தொடாமல், அட்டையை அதன் பக்கத்தில் தன்னைப் பார்த்து வைத்தாள். இரண்டு குறியும் ஒன்றாக இருந்தது. அதே சுழி, அதே வால், அதே சாய்வு.

"பாஸ், இங்க வந்து பாருங்க. இந்த நாற்காலியில இருந்து பார்த்தா இப்படித்தான் தெரியும்."

ஹால்டேன் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். உனாவின் பென்சில் தாள்மேல் அசையாமல் இருந்தது.

"அவருக்கு என் வேலை தெரியாது" என்றாள்.

"யாரும் சொல்லித் தரலை" என்றாள் ரோனா. "எதிர்ல உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தானா வந்திருக்கு. அவர் பார்த்ததெல்லாம் தலைகீழாத்தான்."

ஹால்டேன் இரண்டாவது அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். கீழே இருந்த தேதியை ரோனாவுக்குக் காட்டினார். செப்டம்பர் எட்டு. சுவரில் வங்கிக்காரர்கள் கொடுத்த காலண்டர் இன்னும் செப்டம்பரிலேயே நின்றது. யாரும் கிழிக்கவில்லை. எட்டாம் தேதி திங்கள்கிழமை. ரோனா அடுத்த கட்டத்தைப் பார்த்தாள், ஒன்பது, செவ்வாய். ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கம் வந்துடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் சொன்ன ஜோக். அவளுக்கு நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

ஹால்டேன்தான் சொன்னார். மெதுவாக, ஒரு வரி விடாமல் சொன்னார். உங்கள் புருஷன் பாலம் போனதை வசந்த காலத்திலேயே பார்த்துவிட்டார். நீங்கள் கேள்வி போடாமல் விட்ட ஒரே பாலம் அதுதான் என்று அவருக்குத் தெரியும், ஏன் விட்டீர்கள் என்றும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் புத்தகத்தைத் திருத்தப் பார்த்தார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி அவர் புத்தகத்தை நம்பிப் போகவில்லை, அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதை எடுத்துப் போனார். பாலத்தைத் தேடிப் போகவில்லை. ஒரு மைல் மேலே, மிதிகற்களை எண்ணப் போனார். அங்கே கால் தவறியிருக்கிறது. ஆறு அவரைக் கீழே கொண்டுவந்திருக்கிறது, பை மட்டும் பழைய பாலத்துக் கட்டையில் மாட்டிக்கொண்டது. பையைப் பார்த்துவிட்டு எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், நான் உட்பட.

"அப்போ அந்த வரி அவரைக் கொல்லலை" என்றாள் உனா.

"இல்லை."

அவள் யோசித்தாள். மழை ஜன்னலில் அடித்தது.

"கொன்னிருந்தா பரவாயில்லைன்னு இருக்கு. ரெண்டு மாசமா அந்த வரியைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே யாரைத் திட்டறது?"



உனா கையை நீட்டினாள். ரோனா முதல் அட்டையைக் கொடுத்தாள். உனா அதை மேஜைமேல் வைத்து, விரல் நுனியால் மெல்லச் சுற்றித் தலைகீழாகத் திருப்பினாள். லாக்லனின் பெரிய பெரிய எழுத்தெல்லாம் கவிழ்ந்தது. ஓரத்துக் குறி மட்டும் நேராக நின்றது, வால் மேலே சுழித்து, அவளே போட்ட மாதிரி.

"நல்லா வந்திருக்கு" என்றாள். "என்னைக்காவது கேட்டிருந்தா நேராப் போடச் சொல்லிக் குடுத்திருப்பேன். இறகு கட்டறார், இறகு கட்டறார்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்போதும் அழவில்லை. அட்டையைக் கடல்பாசித் தாள்களுக்கு மேலே வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது.

பிறகு கேட்டாள். "ஹெஸ்டர் அந்தப் பக்கத்தை அச்சடிச்சுட்டாளா?"

"இல்லை" என்றார் ஹால்டேன். "காலியா வெச்சிருக்காங்க. கல் எத்தனைன்னு தெரியணுமாம்."

"அவர் எழுதலை."

"இல்லை."

உனா எழுந்தாள். பின்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடி பூட்ஸ் இருந்தது. ஒன்று லாக்லனுடையது, போலீஸ் கொண்டுவந்து கொடுத்தது, கழுவாமல் அப்படியே காய்ந்து கிடந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றாள் ரோனா.

"ஆத்துல தண்ணி ஏறியிருக்கும். கரையில நின்னே எண்ணலாம், இறங்க வேண்டாம்" என்றார் ஹால்டேன்.

"எண்ணினா போதும்" என்றாள் உனா. பென்சிலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரோனாவின் கால்களைப் பார்த்தாள், ஊருக்குள் போட்டுத் திரிகிற மெல்லிய தோல் செருப்பு. "இந்தக் காலோட நீ வரமுடியாது. என்ன சைஸ் போடுவே?"

ரோனா சொல்வதற்குள் உனா லாக்லனின் காய்ந்த பூட்ஸைக் காட்டினாள்.

"அவருது பெரிசு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."